முப்பத்திரண்டு அங்குலத்தில் சுருங்கிய முகங்கள்

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நானும் அக்காவும் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். அக்காவுக்குக் காது மந்தம். கருவியைப் போட்டால் தலைக்குள் இரைகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். டிவியில் செய்தி வாசிப்பவரின் வாயசைவைப் பார்த்தே பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்.

பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த எங்கள் பழைய இருபத்தொன்பது அங்குல டிவி இந்த வருடம் ஒரேயடியாக நின்றுபோனது. அதைப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, முப்பத்திரண்டு அங்குலத் தட்டை டிவி ஒன்று வாங்கினேன். அன்று செய்தி முடிந்ததும் அக்கா முகத்தைச் சுளித்தார்.

“இதில ஆக்களின்ர முகம் சின்னனாக் கிடக்கு. வாய் தெரியேல்லை.”

“அதெப்பிடி அக்கா? இது மூண்டு இஞ்ச் பெரிசு.”

“எனக்கு அது தெரியாது. சின்னன்தான்.”

அவரின் மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும் போல என்று நினைத்தேன். ஆனாலும் மனம் அதிலேயே நின்றது. தையல் நாடாவை எடுத்துத் திரையின் அகலத்தை அளந்தேன். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் முப்பத்திரண்டு எங்கே? மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நாடாவைச் சாய்த்துப் பிடித்தபோது வந்தது. டிவியைக் குறுக்காகத்தான் அளக்கிறார்கள் என்பதை இந்த வயதில்தான் கவனிக்கிறேன்.

பழையது கையில் இல்லை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழைய திரைகளின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணத்தின்படி குறுக்களவு ஐந்து. இருபத்தொன்பதை ஐந்தால் பிரித்து மூன்றால் பெருக்கினால், உயரம் பதினேழரை அங்குலம் அளவில். புதியவை பதினாறுக்கு ஒன்பது. குறுக்களவு பதினெட்டும் சொச்சமும். முப்பத்திரண்டை அதால் பிரித்து ஒன்பதால் பெருக்கினேன். பதினாறுகூட வரவில்லை!

அக்கா பார்க்கும் செய்தி இன்னும் பழைய வடிவத்தில்தான் வருகிறது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழ, முகங்கள் உயரத்துக்கேற்பச் சுருங்கியிருந்தன.

“அக்கா, நீங்கள் சொன்னது சரி” என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

“அதைத்தானே அப்பவே சொன்னனான்” என்றார்.

பெரிய தெருவான காலி வீதியில், டிவி வாங்கிய கடைக்குப் போனேன். “பொட்டி பத்திரமா ஈந்தா மாத்தித் தாரேன்” என்றார் முதலாளி. டிவி வந்த பெட்டியை நான் எறியாமல் வைத்திருந்தேன். நாற்பத்துமூன்று அங்குலம் எடுப்பதாக அக்காவிடம் சொன்னதும் அவர் தடுத்தார்.

“எங்கட டிவி வைக்கிற அலுமாரி இடைவெளி நாப்பது இஞ்ச்தானே. நாப்பத்திமூண்டு எப்பிடிப் போகும்?”

மறுபடி கணக்கு: அகலம் முப்பத்தேழரை, உயரம் இருபத்தொன்று. பத்திரிகைத் தாள்களை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டி, அலுமாரி இடைவெளியில் பிடித்துக் காட்டினேன். இரு பக்கமும் இடமிருந்தது. அக்கா எழுந்து வந்து அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “ஓம், போகும்” என்றார்.

புதியது அடுத்த நாள் வந்து அலுமாரிக்குள் நோகாமல் உட்கார்ந்தது. செய்தி தொடங்கியதும் நான் வேண்டுமென்றே சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, “செய்தி வாசிக்கிறவ என்ன சொல்லுறா?” என்று அவர் காதருகே குனிந்து உரக்கக் கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “களுபோவில பக்கம் தண்ணி வெட்டாம். இரு, மிச்சத்தையும் பாப்பம்.”