கடுகண்ணாவை ஏற்றத்தில் ஆடாத தண்ணீர்

கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீராவி எஞ்சினின் பொயிலரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவது பயர்மேனான என் முகத்துக்கு நேரே நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய்தான். எஞ்சின் ஓடினால் அதில் தண்ணீர் துள்ள வேண்டும். அன்று சுற்றுலாப் பயணிகளோடு றம்புக்கனையிலிருந்து கண்டிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். தண்ணீர் பாதியில் அப்படியே நின்றது.

நான் பொல்லாத சந்தேகப் பேர்வழி. தேங்காய் வாங்கினாலும் ரெண்டு தடவை தட்டி, கடைக்காரரையும் ஒரு தடவை முறைத்துவிட்டுத்தான் வாங்குவேன்.

இந்த எஞ்சின் வகுப்பு ஆள் ஏற்ற வந்ததல்ல. மலைக்கு அரிசி, கோதுமை மா, சீமெந்து ஏற்றவும், தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் வந்தது. சின்னச் சக்கரம், நீளமான பொயிலர். வேகம் கிடையாது, இழுவை உண்டு. டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இது ஒன்று மட்டும் பட்டறைக்கு நீராவி கொடுத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றதால் தப்பியது. பிறகு எண்ணெயில் எரியும்படி மாற்றி, பச்சைப் பெயின்ட் அடித்து, வெள்ளைக்காரர்களை ஏற்ற விட்டார்கள். புதுப் பெயின்ட் அடித்த எதையும் நான் நம்புவதில்லை.

அந்த நீளப் பொயிலரில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஏறும்போது தண்ணீர் பின்னால், நெருப்புப் பெட்டியின் மேல் தேங்கும். கடுகண்ணாவை உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் முன்னால் ஓடிவிடும். தண்ணீர் குறைவாக இருந்தால் பெட்டியின் கூரை காய்ந்து, பழுத்து, பிளக்கும். அப்புறம் எங்களைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று கெட்டால் மற்றது என்று அப்படி இரண்டு கண்ணாடிகள் உண்டு; இரண்டையும் பட்டறையில் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஒன்று றம்புக்கனையிலேயே வெடித்துவிட்டது. டிரைவர் சிவபாலன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அதை அடைத்துவிட்டு, “மற்றது இருக்குத்தானே, இப்ப மாத்த நேரமில்லை, கண்டியில போய்ப் பாப்பம்” என்றார்.

எங்கள் இருவருக்கும் ஆகாது. அவருடைய இருக்கைக்கு நான் குறி வைத்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். என்னைப் பற்றி மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவர் அவர்தான் என்று எனக்குச் சந்தேகம்.

“அண்ணே, தண்ணி ஆடல.”

“அரைக் கண்ணாடிக்கு நிக்குதெல்லே ராசு. பிறகென்ன?”

“நிக்கிறதுதாண்ணே சந்தேகமா இருக்கு. காலையில கீழ்க் குழாயத் தொறந்து பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் வளைவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் கண்ணாடிக்குக் கீழே உள்ள குழாயைத் திறந்தேன். திறந்தால் கண்ணாடி காலியாக வேண்டும், மூடினால் மறுபடி நிறைய வேண்டும். கீழே நீராவி சீறியது. கண்ணாடிக்குள் தண்ணீர் ஒரு நூலளவும் இறங்கவில்லை. ஐயோ, இவ்வளவு நேரமும் பார்த்தது அடைபட்டுக் கிடந்த தண்ணீர்!

உச்சி நெருங்கிவிட்டது. எண்ணெய் வால்வை மூடினேன். நெருப்பு அணைந்தது. டிரைவர் சொல்லாமல் ஓடும் பாதையில் நெருப்பை அணைத்தால் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

“ஆர் உம்மை மூடச் சொன்னது? கண்டியில வரவேற்க மேளத்தோட நிக்கினம். என்னை மானம் கெடுக்கப் பாக்கிறீர்!”

“உசுரு இருந்தாத்தானேண்ணே மானம்? நீங்களே தொறந்து பாருங்க. எம்மேல தப்புன்னா நாளைக்கே ஹேவாஹெட்டைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போயிர்றேன்.”

அவர் திறந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. உடனே பிரேக்கைப் போட்டார்.

ஏற்றத்தில் நின்றபடியே வேறு கண்ணாடி மாட்டினோம். அடியில் ஒரு விரல் தண்ணீர்தான் தெரிந்தது. கழற்றிய கண்ணாடியை நீளம் போதாமல் கட்டையாக வெட்டியிருந்தார்கள். அடியில் பிடித்திருந்த ரப்பர் வளையம் சூட்டில் இளகி, கண்ணாடியின் வாயை மூடிவிட்டது. வெட்டியவனை நான் திட்டாத திட்டு இல்லை.

டீசல் எஞ்சின் வந்து எங்களைக் கண்டிக்கு இழுத்துப் போனது. மேடையில் நின்ற அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். நெருப்பை அணைத்தது யார் என்று கத்தினார்.

“நான்தான் மூடச் சொன்னனான்” என்றார் அண்ணை.

அடப்பாவி, ரயிலைக் காப்பாற்றிய பெயரைத் தட்டிக்கொண்டு போகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி விடவில்லை. அவ்வளவு விவரம் தெரிந்தவன் ஒற்றைக் கண்ணாடியோடு றம்புக்கனையை விட்டு ஏன் புறப்பட்டாய் என்று பிடித்துக்கொண்டார். அன்றோடு அண்ணையை அந்த எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த மனிதர் ஏன் அப்படிச் சொன்னார்? சந்தேகத்தை வைத்துக்கொண்டு புழுங்கக் கூடாது, நேரே போய்க் கேட்டுவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

“உமக்குப் பிள்ளையள் படிக்குதுகள். எனக்குப் பென்சன் கிட்டத்தில” என்றார்.

“வேற ஒண்ணும் இல்லையேண்ணே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னும் நம்பேல்லையோ? போம் ராசு. போய் என்ர இருக்கையில இரும்.”