ஆறாவது மாடியில் இரண்டு போன்கள்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், நானும் சிரித்தவன்தான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையப் பாருப்பா" என்று எழுந்துவிடுவேன். பல வருடமாக ஆபீஸ்களில் வைஃபை ரிப்பேர் பார்க்கிறவன் நான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் இருக்கும்.

வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ், பட்டப்பகல் பதினோரு மணி. மூன்றாவது மாடியில் ஸ்டெல்லா அக்கா, காக்ஸ் டவுன்காரர், போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணவருக்கு அன்றைக்கு இருதய ஆபரேஷன், லீவு கிடைக்கவில்லை, மகன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவான். அந்தக் கட்டடத்துக்குள் டவர் எட்டாது, போன் வந்தால் ஆபீஸ் வைஃபை வழியாகத்தான் வரவேண்டும், அதுவோ காலையிலிருந்து விட்டுவிட்டுப் போகிறது. வெளியே போய் நிற்கச் சொன்னேன்.

"சீட்ட விட்டு எழுந்தா மெமோ குடுத்துடுவாங்க தம்பி. எப்டியாவது சரி பண்ணிக் குடுப்பா."

லேப்டாப்பில் பார்த்தால் அவர் போன் ஆறாவது மாடிக் கூரையிலிருக்கும் வைஃபை பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறாவது மாடியைக் கம்பெனி காலி செய்து ஒரு வருடம் ஆகிறது, அங்கே கரண்டே கிடையாது. சாவி வாங்கி மேலே போனேன். பெட்டியில் லைட் இல்லை, வயரை அறுத்துச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நம்பினால் நம்புங்கள், லேப்டாப் மட்டும் சிக்னல் முழுசு என்கிறது. முழுசு என்றால் அந்த போன் பெட்டிக்கு நேர்கீழே, நான் நிற்கிற இடத்தில் இருக்கவேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் நாகராஜ் கீழே அக்கா பக்கத்தில் இருந்தான். வாக்கிடாக்கியில் கேட்டேன்.

"போன் அவங்க கையிலயே இருக்கு குரு."

அப்போதுதான் லேப்டாப்பில் அந்தப் பெட்டியோடு சேர்ந்த போன்களின் லிஸ்டில் இரண்டாவது போன் வந்தது. பெயர் அந்தோணி. அதே பெட்டி, அதே முழு சிக்னல். ஆபீஸில் பதிவு செய்யாத போன் உள்ளே வரவே முடியாது. அந்தோணி யார் என்று அக்காவிடம் கேட்கச் சொன்னேன். நாகராஜ் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அவங்க வீட்டுக்காரராம். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இருக்காராம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, தப்பான பெட்டியோடு ஒட்டிய போனை முதலில் வெட்டிவிடுவோம், அது தானாகப் பக்கத்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும், யோசிப்பதெல்லாம் அப்புறம். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. இரண்டையும் வெட்டி, அந்தப் பெட்டிக்கே தடை போட்டேன்.

அக்காவின் போன் உடனே மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் மகன் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார், இப்போதுதான், ஆபரேஷன் டேபிளிலேயே. சரியாக எத்தனை மணிக்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சரி பண்ணலேன்னா அந்த போனே வந்திருக்காது தம்பி" என்று அழுதார். நான் வெட்டியது எதை என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தோணி அண்ணன் போனை அணைத்து பீரோவில் வைத்திருப்பதாக அக்கா சொல்கிறார். ஆனால் தடை லிஸ்டில், அதே பெட்டியோடு சேர முயன்று திரும்பியதாக அந்தோணி என்ற ஒரே ஒரு பெயர் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது. தடையை எடுத்துவிடலாமா என்று கை போகிறது. எடுக்கவும் பயமாக இருக்கிறது, எடுக்காமல் இருக்கவும் பாவமாக இருக்கிறது.