ரெண்டு சீட்டு வண்டிக்குக் கியர் ஆயில்

எங்கள் களத்தில் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. பழைய கார்தான். ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக உடம்பு. பிரான்சுக்கே குடிபோய்விட்ட பாண்டிச்சேரிக்காரர் ஒருவரிடம், கரும்புப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த வருடத்தில் வாங்கினேன். வில்லியனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இதுல ஒரு மூட்ட கூட ஏத்த முடியாதே, எதுக்குப்பா இது?"

நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. ரெண்டு சீட்டுதான் இருக்கிறது என்பதற்காகவே அதை வாங்கினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நானும் என் மனைவியும் தனியாக எங்கேயும் போய்வந்ததில்லை. முதலில் என் அம்மா கூட வருவாள், பிறகு பிள்ளைகள், அதற்கும் பிறகு 'வழியில எறக்கி வுட்டுடுப்பா' என்று ஏறிக்கொள்ளும் சொந்தக்காரர்கள். பைக்கில் போனால்கூட எங்களுக்கு நடுவே ஒரு சாக்குப்பை உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் இரண்டும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, மூன்றாவது ஆள் ஏறவே முடியாத ஒரு வண்டி வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இதை அவளிடம் சொன்னாயா என்று கேட்காதீர்கள். இந்த மாதிரிப் பேச்சு எனக்கு வாயில் வராது. வேண்டாத பேச்சு மட்டும் தண்ணியாக வரும்.

வண்டி வந்த மாதமே அவளை அதில் உட்காரவைத்து, திருக்கனூரில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்குப் புறப்பட்டேன். இருபது கிலோமீட்டர் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன். கடைத்தெருவில், அவள் அண்ணன் வைத்திருக்கும் உரக்கடைக்கு நேர் எதிரே, ரெண்டாவது கியர் கரகரவென்று கத்தியது. விழவில்லை. இன்ஜின் செத்துப்போனது. முன்னால் விழுப்புரம் பஸ், பின்னால் பாண்டி பஸ், இரண்டும் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. கடையிலிருந்து மச்சானும் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேரும் வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் பஸ்ஸில்தான் வந்தாள். வாசலில் செருப்பை விட்டதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டன்."

ஐந்து மாதம் ஆனது. மாரியம்மன் கோவிலுக்குக் கூப்பிட்டேன், நடந்து போனாள். வில்லியனூர் சந்தைக்குக் கூப்பிட்டேன், ஷேர் ஆட்டோவில் போனாள். கோபமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் வில்லியனூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன். அவர் கியர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆயில் எப்ப மாத்துன?" என்றார். நான் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

"கியர் நல்லாதாம்பா இருக்கும். ஆயில் செத்துருக்கும். டிராக்டர் ஆயில ஊத்தித் தொலச்சிடாத. இது மெல்லிசு ஆயில் கேக்கும்," என்று ரெண்டு லிட்டர் டப்பாவும், அதை ஏற்றுவதற்கு ஒரு கை பம்பும் எடுத்துக் கொடுத்தார். "மொதல்ல ஊத்துற நட்ட கழட்டிப் பாரு. அது கழண்டாதான் கீழ வடிக்கிற நட்டுல கை வெக்கணும். இல்லன்னா வடிச்சிட்டு, ஊத்த வழியில்லாம குந்திக்கினு இருப்ப."

எனக்கு ஒரே சந்தோஷம். ஆயிலை மாற்றினால் கியர் விழும், கியர் விழுந்தால் அவள் ஏறுவாள். அவ்வளவுதான் என் கணக்கு.

இந்த வண்டிக்கு அடியில் ஒரு பூனை நுழைவதே கஷ்டம். ஜாக்கி போட்டுத் தூக்கி, அதை நம்பி அடியில் படுக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் களத்தின் குறுக்கே மோட்டார் கொட்டகையிலிருந்து கரும்புக்குப் போகும் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. ரெண்டரை அடி அகலம், இடுப்பளவு ஆழம், இரண்டு பக்கமும் சிமெண்டுத் தரை. டிராக்டருக்கு அடியில் வேலை இருந்தால் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ரெண்டு சக்கரம், இந்தப்பக்கம் ரெண்டு சக்கரம் என்று நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிவிடுவேன். பெரிய ஷெட்டில் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதே வசதி. ஸ்போர்ட்ஸ் காரையும் அப்படியே கொண்டுபோய் நிறுத்தினேன்.

காலை எட்டு மணி. அவள் களத்தின் மறுகோடியில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வாய்க்காலில் இறங்கினேன். ஊத்துற நட்டு ஸ்பேனருக்கு மசியவில்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, முட்டியைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். கடக்கென்று கழன்றது. அதற்குப் பிறகுதான் வடிக்கிற நட்டைத் தொட்டேன். பாய் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆயில் கன்னங்கரேலென்று பேசினில் விழுந்தது. வடிக்கிற நட்டின் நுனியில் ஒரு காந்தம் இருந்தது. கியர் தேய்ந்த இரும்புத்தூள் அதில் சேறு மாதிரி அப்பியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா, காந்தம் வெச்ச நட்டு. இந்தத் தூளுதான் அன்னிக்கு நம்ம மானத்த வாங்குனது."

குனிந்து பார்த்தாள். "ம்" என்றாள். திரும்பவும் உளுந்துக்குப் போய்விட்டாள். நான் நட்டைத் துடைத்து, பேசின் விளிம்பின் மேல் வைத்துவிட்டு, கடைசிச் சொட்டு வடியட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் கொட்டகையில் மோட்டார் தானாக உறுமியது. கரும்புக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று முதல் நாள் சாயங்காலம் நானேதான் மோட்டாரின் ஆட்டோ சுவிட்சைப் போட்டிருந்தேன். மூணு ஃபேஸ் கரண்டு வந்தால் போதும், சுவிட்சைத் தொடாமலே ஓட ஆரம்பித்துவிடும். இருபது வருடமாகப் போடுகிற சுவிட்ச். அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை.

தண்ணீர் திபுதிபுவென்று வந்தது. ஆயில் பேசின் மிதக்க ஆரம்பித்தது. அது கவிழ்ந்தால் அத்தனை கருப்பும் கரும்புக்குப் போகும். பேசினை இரண்டு கையாலும் பிடித்து, வண்டியின் அடியை முட்டும்வரை தூக்கினேன். தூக்கின வேகத்தில் நட்டு தண்ணீருக்குள் விழுந்தது. "மோட்டார நிறுத்து" என்று அலறினேன். அவள் கொட்டகைக்கு ஓடினாள். மோட்டார் நின்றது, தண்ணீர் வடிந்தது. கீழே கணுக்கால் புதையும் சேறு இருந்தது, நட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வண்டிக்கு அந்த நட்டு இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது. கரண்டு ஆபீஸைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், பிரான்சில் இருக்கும் பழைய ஓனரைத் திட்டினேன். எல்லோரும் தீர்ந்துபோன பிறகு அவளிடம் வந்தேன். "கரண்டு வர நேரம்னு நீயாவது சொல்லக் கூடாதா?"

அவள் வீட்டுக்குள் போய்க் கதிர் அருவாளோடு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அருவாளைச் சேற்றில் படுக்கப் போட்டு, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல அலச ஆரம்பித்தாள்.

"காந்தம்னு சொன்னீங்களே. இரும்பக் கண்டா ஒட்டும் இல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் கையால் துழாவினேன். வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் குனிந்து நின்றோம். அவள் நெற்றியில் சேறு தெறித்திருந்தது. மனசு இளகிப்போய், ஐந்து மாதமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"இதெல்லாம் உனக்காகத்தான். கியர் சரியாயிட்டா நீ ஏறுவன்னுதான்."

அருவாள் நின்றது. "கியர் கத்துனதுக்கா நான் ஏறல?"

"பின்ன?"

"அன்னிக்கு வண்டி நின்னதும், எங்க அண்ணங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்ன பிறகுதான் வந்தது. வண்டியைத் தள்ள வந்த மச்சான், "இன்னா மாப்ள, புது வண்டி படுத்துடுச்சி?" என்று கேட்டார். வண்டி பழுது என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. "உன் தங்கச்சி ஏறுனா டிராக்டரே முக்கும், இது இன்னா பண்ணும்?" என்றேன். மச்சான் சிரித்தார், மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள், டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளும் சிரித்ததால்தான் எனக்கு அது மறந்தே போனது.

இரண்டு வருடம் முன்பு அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு தின்ற மாத்திரையில் உடம்பு ஊதிவிட்டது. ஜாக்கெட்டுகளை எல்லாம் பிரித்து அவளே தைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் படுத்திருந்தவன் நான். மற்றவர்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்த வாய்தான் அதைச் சொன்னது.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அருவாளைத் தூக்கினாள். நுனியில் நட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, மேலே ஏறி உளுந்து கிளறப் போனாள்.

நெல்லைச் சிந்தினால் அள்ளலாம், சொல்லைச் சிந்தினால் அள்ள முடியாது என்று எத்தனை பஞ்சாயத்தில் நானே சொல்லியிருக்கிறேன். நட்டை மாட்டினேன். பம்பை அடித்து, புது ஆயில் ஊத்துற ஓட்டை வழியே திரும்பச் சொட்டும்வரை ஏற்றி மூடினேன். களத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி விழுந்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புதான்" என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்ல நான் பட்ட பாடு, அந்தக் குழாயைச் செருகி நட்டு கழட்டினபோது கூடப் படவில்லை.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சொன்னது கடத்தெருவுல, தப்புன்னு சொல்றது மட்டும் அடுப்படியிலயா?"

"இன்னா பண்ணச் சொல்ற?"

"எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

"சரி. வா, வண்டியில ஏறு."

"நீங்க வண்டியில வாங்க. நான் பஸ்ல வரன்."

அன்றைக்கு வில்லியனூரில் இருந்து திருக்கனூர் வரை ஒரு டவுன் பஸ்ஸின் பின்னாலேயே சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஊர்ந்துகொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அது நான்தான். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றேன். பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உரக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவளும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சேர்ந்தாள். மச்சான் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மூட்டைக்காரர்களும் இருந்தார்கள். டீக்கடையில் கூட்டம் இருந்தது. 

"மச்சான், அன்னிக்கு வண்டி நின்னது என் தப்பு. ஆயில் மாத்தாம வெச்சிருந்தன். இவமேல பழியப் போட்டு, பேசக் கூடாதத பேசிட்டன்."

மச்சான் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப? இன்னா பேசுன?"

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. மூட்டைக்காரர்களைப் பார்த்தேன், அவர்கள் முகத்திலும் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பேச்சை அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் நான் இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். நாக்கு எழும்பவில்லை. கடைத்தெருவே என் வாயைப் பார்ப்பது போல இருந்தது.

"அவரு சொல்ல மாட்டாருண்ணா," என்றாள் அவள். "நீ கடையப் பாரு."

சொல்லிவிட்டு நேராக வந்து வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நானும் வந்து உட்கார்ந்தேன். 

"சிரிச்சவங்க எல்லாரும் மறந்துட்டாங்க," என்றாள்.

நான் சாவியைப் போட்டேன். அவள் கீழே குனிந்து எதையோ தேடினாள்.

"இந்த சீட்டு பின்னால போவுமா?"

போகும். அடியில் ஒரு கம்பி இருக்கிறது. நான் குனிந்து அதை இழுத்தேன், சீட்டு சரசரவென்று ஒரு சாண் பின்னால் போனது. அவள் காலை நீட்டி, புடவையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தாள். முதல் தடவை வந்தபோது இருபது கிலோமீட்டரும் முட்டியை ஒடுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அவளும் கேட்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.