ராசன் வென்ற தேங்காய்

போர்த்தேங்காய் இரண்டு மோதும் சத்தம் கல்லோடு கல் அடிபடுவதுபோல் இருக்கும். நாலைந்து அடிக்கு "ணங், ணங்" என்று காது கூசும், பிறகு ஒன்று பிளந்து, தண்ணீர் புழுதியில் கொட்டி, வெய்யிலில் வறண்டு கிடந்த மண்ணிலிருந்து ஓர் இனிப்பு வாசம் எழும். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் கையில் பிடித்த தேங்காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார், பிறகு முறை மாறும், உடைந்த தேங்காய் வென்றவருக்குச் சொந்தம். பங்குனி பிறந்தால் எங்கள் ஊரின் சந்து ஒழுங்கைகளில் இதுதான் கதை, சித்திரை வருடப்பிறப்பன்று பின்னேரம் கோயில் வீதியில் பெரிய போட்டி.

வருடப்பிறப்பு மலருக்கு எங்கள் பாரம்பரியத்தைப் பற்றி எழுதித் தரும்படி சனசமூக நிலையத்துப் பொடியள் கேட்டார்கள். "உங்கடை அப்பா போர்த்தேங்காயிலை பெரிய ஆளாமே, அதை எழுதுங்கோ, படமும் தாங்கோ" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் நினைக்கிறதை அல்ல.

அப்பா பெரிய ஆள்தான். ஆனால் அவருடைய கெட்டித்தனம் பாதிக்கு மேல் எங்கள் கிணற்றடித் தென்னையினுடையது, மிச்சம் அதில் ஏறுகிற கந்தையாவினுடையது. கந்தையா மரத்தில் இருந்தபடியே தேங்காயைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஓடு தடித்ததை மட்டும் கீழே போடாமல் இடுப்பில் கட்டி இறக்குவார். எது போருக்கு ஆகும் என்று அப்பாவுக்குத் தெரியாது, கந்தையாவுக்குத் தெரியும். அந்த மனிதரை எங்கள் வீட்டில் எல்லாரும் "கந்தன்" என்றோம். பத்து வயதில் நானும் "கந்தன், இஞ்சை வா" என்றுதான் கூப்பிட்டேன், ஐம்பது வயது மனிதர் "வாறன் தம்பி" என்று வருவார். அப்பாவை அவர் "நயினார்" என்பார். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவை இருக்கவில்லை.

அவருடைய மகன் ராசன் என் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம், எங்கள் வாசல் படலைக்கு வெளியே சிநேகிதர், உள்ளே வந்தால் இல்லை. அந்த வருடம் பங்குனிக் கடைசித் திங்கள், அம்மா பொங்கல் வைக்க அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அப்பா கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்த தேங்காய்களில் மிகப் பெரியதை நான் எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்த வயலுக்கு ஓடினேன். ராசன் தெருவோரத்துத் தென்னையில் விழுந்த ஒரு கோணல் தேங்காயோடு நின்றான்.

"கட்டிலுக்குக் கீழை நித்திரை கொண்ட தேங்காய் அடி தாங்குமோடா?" என்று சிரித்தான்.

"உன்ரை கோணல் மண்டையைப் பார்த்திட்டுக் கதை" என்றேன்.

நான் ஓர் அடி அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவன் அடித்த முதல் அடியில் அப்பாவின் தேங்காய் இரண்டாகப் பிளந்தது. அப்பா தேடுவார் என்று தெரியும். ஆனாலும் முறை முறைதான், "வெண்டது நீ, கொண்டு போ" என்று நானே அவன் கையில் கொடுத்தேன். நான் கொடுத்தேன் என்பதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வருடப்பிறப்பன்று காலை தலையில் மருத்துநீர் வைத்து, முழுகி, புது உடுப்பு உடுத்து நிற்கிறேன். அப்பா கட்டிலுக்குக் கீழே குனிந்தார். "பெரிய தேங்காய் எங்கை?" என்றார். நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், எனக்கு இரண்டு அடியோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "ராசன் எங்கடை வீட்டு வளவுக்கை நிண்டவன், கண்டனான்." களவு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவன் யாருடைய மகன் என்பதே போதுமாயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கந்தையாவும் ராசனும் தோய்த்து உலர்ந்த உடுப்போடு, வருடா வருடம் வருகிறதுபோல, பலகாரம் வாங்கப் பின்படலையால் வந்தார்கள்.

"டேய், என்ரை தேங்காயை எடுத்தனியோ?" என்று அப்பா ராசனைக் கேட்டார்.

"வெண்டனான்" என்றான் ராசன்.

"ஆரோடை வெண்டனி?"

ராசன் என்னைப் பார்த்தான். ஒருதரம்தான். நான் என் புதுச் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். கந்தையா அவனைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, நிலத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். தேங்காயின் ஓட்டுக்குள் இருக்கிறதை அறிகிற மனிதருக்கு என் முகம் பெரிய காரியமா?

"பொடியன் தெரியாமல் எடுத்திட்டான் நயினார்" என்றார்.

"அப்ப நீயே குடு நாலு. நான் பார்க்கக் குடு."

கந்தையா வேலியில் கிளுவைத் தடி ஒன்றை முறித்தார். அப்போது அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. காப்பாற்ற வருகிறா என்று நினைத்தேன். "வருசப்பிறப்பண்டு அழுத வீட்டிலை வருசம் முழுக்க அழுகைதான். எங்கடை முற்றத்திலை வேண்டாம், ஒழுங்கைக்குக் கொண்டுபோய் அடிக்கச் சொல்லுங்கோ" என்றா. ஒழுங்கையில் அடி விழுந்தது. நான் படலைக்குள் நின்று எண்ணினேன், ஏழு. ராசன் அழுத சத்தம் வரவில்லை. பின்னேரம் அப்பா வேறொரு தேங்காயால் ஒன்பது பேரை வென்றார், நான் கை தட்டினேன்.

அடுத்த தவணை பள்ளிக்கூடம் தொடங்க ராசன் வேறு வாங்கில் போய் இருந்தான்.

நாற்பது வருடம் ஆகிறது. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கிணற்றடித் தென்னை உச்சியில் வட்டு இல்லாமல் மொட்டையாக நின்றது. கந்தையா இடம்பெயர்ந்த ஊரிலேயே செத்துப்போனார், நான் போகவில்லை. அப்பா அந்தத் தேங்காய் களவு போனது என்று நம்பியபடியே கண்ணை மூடினார். இப்போது போட்டிக்கு மருதனார்மடம் சந்தையில் சாக்கில் தேங்காய் வாங்குகிறார்கள், முதல் அடியிலேயே உடைகிறது, படம் எடுக்கிறார்கள், "பாரம்பரியம்" என்று பதாகை கட்டுகிறார்கள்.

ராசன் பக்கத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இதை எழுதுவதற்கு முன் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று போனவாரம் போனேன். நான் கதையைத் தொடங்கவே அவன் சிரித்துவிட்டான்.

"அந்தத் தேங்காயோ? அம்மா அதைத் திருவிச் சொதி வைச்சவ. நல்ல பால் மச்சான்."

"நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை, ராசன்."

அவன் ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு நோகேல்லை" என்றான். "வீட்டை போற வழி முழுக்க அடிச்ச அப்புதான் அழுதவர். வருசப்பிறப்பண்டு அழக்கூடாது எண்டு நான் அவரின்ரை கண்ணைத் துடைச்சுவிட்டனான்."

மலருக்கு அப்பாவின் படம் தரமாட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டுத் தேங்காய் தோற்றது. வென்றவன் கந்தையாவின் மகன் ராசன். அதை மட்டும் பிழை இல்லாமல் அச்சடியுங்கள்.