பதினெட்டாம் பக்கத்து எண்

அந்தப் புத்தகத்தின் பதினெட்டாம் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. கடுகையும் மிளகையும் கலந்து கொட்டினாற்போல ஒரு வட்டம் நிறையப் புள்ளிகள், அவ்வளவுதான். மற்றப் பக்கங்களில் புள்ளிகளுக்குள்ளே ஓர் எண் இருக்கும். நல்ல கண்ணுக்கு அது சட்டென்று தெரியும். பதினெட்டில் மட்டும் நேர்மாறு. நல்ல கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்குத்தான் அங்கே ஒரு நாற்பத்தைந்து தெரியும்.

அந்தப் பக்கத்தைப் பதினேழு வருடமாகத் திருப்பியவள் அவள். விமானப் படையில் அதிகாரியாகச் சேர வரும் பிள்ளைகளுக்கு உடற்பரிசோதனை நடக்கும் கட்டடத்தில், நடைவழியின் கடைசி அறை அவளுடையது. ஜன்னல் கிடையாது. சுவர், கதவு, நாற்காலி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கட்டடத்தில் எல்லோரும் அவளைப் ‘புள்ளி மேடம்’ என்பார்கள். விரல் வியர்வை பட்டால் புள்ளிகள் மங்கும் என்று பஞ்சுக் கையுறை போட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாள். ஒரு பக்கத்துக்கு மூன்று விநாடி. வேலை முடிந்ததும் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். பிள்ளைகள் சொன்னது சரியா தப்பா என்று ஒரு நாளும் முகத்தில் காட்டியதில்லை.

அவளுடைய அக்கா எட்டாவதோடு நின்று தையலுக்குப் போனவள். தங்கை இரண்டு வருடப் படிப்பை முடித்து, படைக்கே கண் பார்த்துச் சொல்கிறாள் என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை. தைக்க வருகிறவர்களிடமெல்லாம், “ஏரோப்ளேன் ஓட்டணும்னா முதல்ல எங்க வீட்டுச் சின்னவகிட்ட வந்து நிக்கணும்” என்று அளப்பாள்.

அந்த வேலையில் தங்கையால் பழக முடியாத விஷயம் ஒன்றே ஒன்று. மற்றப் பக்கங்களில் தடுமாறி, தட்டுத் தடவி, தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் பதினெட்டுக்கு வந்ததும் முகம் மலர்வார்கள். அப்பாடா, ஒன்றாவது பளிச்சென்று தெரிகிறதே என்ற சந்தோஷத்தில் “நாற்பத்தைந்து!” என்பார்கள். வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்போகிற குரல் அது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அந்தச் சந்தோஷத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பின்கழுத்து சில்லிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிள்ளைகள் வருவதற்கு அரை மணி இருந்தது. அன்றைக்கான மாத்திரைகளை விழுங்கிவிட்டு, பகல் வெளிச்ச விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தூசி தட்டிக்கொண்டு வந்தாள். பதினெட்டில் கை நின்றது.

புள்ளிகளுக்கு அடியிலிருந்து ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. குளத்தில் மூழ்கியவர் தலை தூக்குவது போல, மெதுவாக, ஓசையில்லாமல். முதலில் ஒரு வளைவு. பிறகு ஒரு கோடு. நாற்பத்தைந்து.

படக்கென்று மூடினாள். திறந்தாள். அப்படியே இருந்தது.

யாரோ புத்தகத்தில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அலமாரியின் அடித்தட்டில் உறை பிரிக்காத இன்னொரு புத்தகம் இருந்தது. ஆறு வருடமாக யாரும் தொடாதது. உறையைக் கிழித்துப் பதினெட்டைத் திறந்தாள். அங்கேயும் அது அவளுக்காகக் காத்திருந்ததைப் போல உட்கார்ந்திருந்தது.

நடைவழியைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். அவள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“வெறும் புள்ளிதான் மேடம். ஏன், எதுனா தெரியணுமா? எனக்கு வேலை போயிடுமா?”

“உனக்கில்ல” என்று இவள் சொன்னாள்.

அன்று வந்த ஏழு பிள்ளைகளுக்கும் புத்தகத்தைத் திருப்பினாள். அதில் சிரமம் ஒன்றுமில்லை. சரியான விடை அச்சிட்ட அட்டையைப் பார்த்துத்தான் குறிப்பது. ஏழு பேரும் பதினெட்டில் “ஒண்ணும் தெரியல” என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணெதிரே அந்த எண் நின்றது. பிள்ளைகள் அதை ஊடுருவிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்கள்.

ஆனால் விளக்குப் பெட்டி அப்படியல்ல. அது விமானம் ஓட்டச் சேருகிறவர்களுக்கு மட்டும்; அன்றைய ஏழு பேரில் அப்படி யாருமில்லை. புத்தகம் முடிந்ததும் அறையை இருட்டாக்கி, ஆறு மீட்டர் தள்ளி ஒரு பெட்டியில் குண்டூசித் தலை அளவு வெளிச்சத்தை ஒன்பது தடவை காட்டுவார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். எந்த நிறம் எரிகிறது என்பது பெட்டியின் பின்பக்கத் திருகில் ஒட்டிய எழுத்தில் தெரியும். போன மாதம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபோது அந்த எழுத்துத்தாள் உரிந்துவிட்டது. புதிது கேட்டு இரண்டு தடவை எழுதிப் போட்டாள், வரவில்லை. அதனால் என்ன, பதினேழு வருடக் கண்ணைவிட ஒரு துண்டுத்தாள் பெரிதா என்று, தானே பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள்.

பேரேட்டைப் புரட்டினாள். தாள் உரிந்த பிறகு விளக்கு பார்த்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் தேறியிருந்தார்கள். கடைசியாக வந்த ஒரு பெண் மட்டும் தேறவில்லை. மார்பில் இருபத்தொன்று என்ற எண் குத்தியிருந்த, உயரமான பெண். புத்தகத்தில் ஒரு பிழை இல்லை. விளக்கில் மட்டும் மூன்று பிழை. மூன்றும் ஒரே மாதிரி: வெள்ளையைப் பச்சை என்று சொன்னதாக அவள் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த இருட்டு நினைவுக்கு வந்தது. மூன்றாவது முறை அந்தப் பெண் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்: “மேடம், அது பச்சைதான்.” இவள், “சரி, அடுத்தது” என்றாள்.

மறுபரிசோதனை கேட்க முப்பது நாள் கெடு. இருபத்தாறு ஓடிவிட்டது. அந்தப் பெண் விண்ணப்பம் எதுவும் போட்டிருக்கவில்லை. தன் கண்ணே கோளாறு என்று நம்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றாமலே தையல் மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். போன வாரம் அக்கா பச்சை நூல் வாங்கி வரச் சொல்லி, இவள் சாம்பல் நூலை வாங்கி வந்திருந்தாள். “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற உத்தியோகம், நூல் வாங்கத் தெரியல” என்று அக்கா அன்று முழுக்கக் கிண்டலடித்திருந்தாள்.

“அக்கா, அந்த ரெண்டு நூலையும் காட்டு.”

அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“இதுல எது பச்சை?”

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மிஷின் சக்கரம் தானாகச் சுற்றி ஓய்ந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா கதவைச் சாத்தினாள். விடைதான் அட்டையில் இருக்கிறதே, திருகுக்கு ஓர் எழுத்தை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். கண் பார்க்கிறவளுக்கே கண் சரியில்லை என்றால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும், அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க விடுவார்களா என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

“அவ பச்சையைத்தான் பச்சைன்னு சொன்னாக்கா” என்றாள் தங்கை. “நான் பார்த்துக்கிட்டே இல்லைன்னுட்டேன். இன்னும் நாலு நாள் போனா கெடுவும் முடிஞ்சு, அது இல்லாமலே போயிடும்.”

அக்கா சாம்பல் நூலை எடுத்து டப்பாவின் அடியில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை கண் டாக்டரின் மேசையில் பேரேட்டை விரித்து வைத்துச் சொன்னாள். படைச் சீருடையில் இருந்த அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். எழுந்து அவளுடைய அறைக்கே அழைத்துப் போனார். பிள்ளைகள் உட்காரும் முக்காலியைக் காட்டினார்.

பதினேழு வருடத்தில் அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்க்கும்போது அது வேறு யாருடைய அறையோ போல இருந்தது. விளக்கின் பின்னால் இருக்கும் முகம் சரியாகத் தெரியாது. புத்தகத்தைப் பிடித்த கைகள் மட்டும் தனியாக மிதந்தன. இத்தனை பிள்ளைகளும் என்னை இப்படித்தான் பார்த்தார்களா என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் திருப்பினார். எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் தெரிவதை மட்டுமே சொன்னாள். ஐந்தாவது, தெரியவில்லை. ஏழாவது, ஏதோ வளைவு. ஒன்பது, பத்து, பதினொன்று, வெறும் மணல். மூன்று விநாடி, மூன்று விநாடி என்று பக்கங்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. பிடிக்க ஒரு கொம்பு கிடைக்காதா என்று மனம் தவித்தது.

பதினெட்டு வந்தது.

“நாற்பத்தைந்து!”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷம், அதே சந்தோஷம், அதில் இருந்தது. பின்கழுத்து சில்லிட்டது. டாக்டர் முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நான்கு மாதமாக நுரையீரல் காசத்துக்கு அவள் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் ஒன்று சிலருடைய கண் நரம்பைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை அன்றே நிறுத்தி, வேறு மாற்றித் தர ஏற்பாடு செய்தார். நிறம் திரும்பலாம், மாதக்கணக்கில் ஆகலாம், திரும்பாமலும் போகலாம். அதுவரை கோப்புகள் இருக்கும் அறையில் வேலை. அலமாரிச் சாவியை அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கப் போனபோது முடிச்சு லேசில் வரவில்லை.

பதினொரு பேருக்கும் மறுபடி வரச்சொல்லித் தகவல் போனது. பத்துப் பேருக்கு மாற்றமில்லை. இருபத்தொன்றாம் எண் பெண் கடைசியாக, முப்பதாம் நாள், வந்தாள். கோப்பைக் கொண்டுவந்து கொடுத்த சாக்கில் புள்ளி மேடம் அறையின் மூலையிலேயே நின்றுகொண்டாள்.

பதினெட்டில் அந்தப் பெண் திணறினாள். உற்றுப் பார்த்தாள். போன தடவை நடந்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“ஒண்ணும்... ஒண்ணும் தெரியல சார்.”

மூலையிலிருந்து அந்த எண் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு விளக்கை அணைத்தார்கள். திருகில் இப்போது எழுத்தைச் செதுக்கியே இருந்தார்கள். இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சம். புள்ளி மேடத்துக்கு அது வெள்ளை. “பச்சை” என்றது பெண்ணின் குரல். அடுத்ததும் வெள்ளை. “வெள்ளை” என்றது குரல். அடுத்ததும் அதே வெள்ளைதான். மயிரிழை வித்தியாசம் இல்லை. “பச்சை.” டாக்டரின் பேனா ஒவ்வொரு தடவையும் சிறிதாகக் கீறும் ஓசை கேட்டது. சரி என்னும் குறிக்கும் தப்பு என்னும் குறிக்கும் உள்ள ஓசை வித்தியாசம் அவளுக்குத் தெரியும். ஒன்பதும் சரி.

வெளியே நடைவழியில், முடிவு இன்னும் தெரியாத அந்தப் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தாள்.

“மேடம், அந்தப் புள்ளிப் பக்கம்... கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுல ஏதாவது இருந்துச்சா?”

பதினேழு வருடம் யாரிடமும் எதையும் சொல்லாதவள் ஒரு கணம் தயங்கினாள்.

“இல்லம்மா” என்றாள். “அதுல ஒண்ணுமே இல்ல.”

அந்தப் பெண் போன பிறகு, மேசையில் விரித்தபடி கிடந்த புத்தகத்தை மூட உள்ளே வந்தாள். பதினெட்டாம் பக்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையுறை இல்லை. அட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்து மெதுவாகச் சாத்தி, கறுப்புத் துணியைச் சுற்றினாள்.