இடப்பக்கம் திரும்பாத ஜீப்

ஜீப் சித்திரையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள், பாவம், பழைய வண்டியோடு கிழவர் என்ன பாடுபட்டிருக்கிறார் என்று என்மேல் இரக்கப்பட்டுவிடுவார்கள். கிளட்ச் தட்டை மாற்றி, ரேடியேட்டர் ஓட்டையை அடைத்து, பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றியதும் அது ஓடியது. கந்தப்பளைக் கடைவீதி வரை ஓட்டிப்போய், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மறுநாளே மனைவியை ஏற்றிக்கொண்டு உடப்புசல்லாவைக்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முழுசா இருட்டுறதுக்குள்ள ஒருக்கா வந்து நில்லுடி. ஒன் மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சிக்கிறேன். போன்ல பாத்தா பல்லி மாதிரித் தெரியுற."

என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் சந்தி வரை போகலாம். அதற்கு மேல் கல் பெயர்ந்த ஏற்றத்தில் நடக்க முடியாது. மழை இல்லாத நாளில் ஆட்டோ ஏறும். காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் லொறியும் வெறும் சாக்குகளோடு அந்த வழியாகத்தான் மேலே போகும். முன் சீட்டில் இடம் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். இரண்டையும் வேண்டாம் என்றவன் நான்தான். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவனின் மனைவி, வீட்டில் ஜீப் நிற்கும்போது, கொழுந்து லொறியில் போய் இறங்குவதா என்று கேட்டேன். அவளும் ஜீப் சரியாகட்டும் என்று காத்திருந்தாள்.

அது அந்தத் தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப். தோட்டத்தில் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்தேன். நான் பிறந்ததும் அதே மேல் டிவிசன் லயத்தில்தான். நான் சிறுவனாக இருந்தபோது வேறொரு ஜீப் இருந்தது, இதற்கு மூதாதை. அதன் சத்தம் கேட்டதும் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார். நானும் இறங்கி நிற்பேன். கானுக்குள் நின்று பார்க்கும்போது துரை எவ்வளவு உயரத்தில் இருப்பார் என்பது அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும். பட்டப்படிப்பு, பள்ளிக்கூடம், பிரியாவிடை மாலைகள் எல்லாம் முடிந்த பிறகும் அந்த உயரம் என் மனதில் அப்படியே இருந்தது. அதே ஏற்றத்தில், அதே லயத்து வாசலுக்கு, அந்த உயரத்திலிருந்துதான் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. பாதை மோசம், வண்டியை உயர்த்த வேண்டும் என்று சொன்னேன்.

ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே இரும்புக் கட்டைகள் வைத்து உயர்த்தினேன். கைப்பேசியில் யாரோ பாலைவனத்தில் ஜீப் ஓட்டிக் காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்து, லொறி டயர் அளவில் டயர்கள் வாங்கிப் பூட்டினேன். வண்டி கம்பீரமாக நின்றது. கதவைத் திறந்தால் மனைவியின் நெஞ்சு உயரத்தில் சீட் இருந்தது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் முற்றத்தில் செங்கல் அடுக்கி, சிமெந்து பூசி, படிக்கட்டு ஒன்று கட்டினேன். ஜீப்பை அதன் பக்கத்தில் நிறுத்தினால் ராணி மாதிரி ஏறலாம். அவள் ஏறி உட்கார்ந்தும் பார்த்தாள். மேலே இருந்தபடியே கேட்டாள்:

"எறங்குறதுக்கு அக்கா வீட்டுலயும் படிக்கட்டு கட்டுவீங்களா?"

நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லி ஒரு படிக்கட்டு கட்டவைத்தால் என்ன என்று உண்மையாகவே யோசித்தேன். சிமெந்து மூட்டையை எதில் அனுப்புவது என்று பார்த்தபோது கொழுந்து லொறியில் அனுப்பலாம் என்று தோன்றியது. சிமெந்து போகலாம், மனைவி போகக் கூடாது. அந்த நேரத்தில் இதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

அடுத்தது காற்றுக் குழாய். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல், கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய். மழைநீர்க் குழாயையே வளைத்து, வாயை முன்பக்கம் பார்க்க வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஆற்றைக் கடக்கப் போகிறேன் என்று விசாரித்தார். வழியில் ஆறு இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"நம்ம பக்கம் தண்ணி மேல இருந்துதானே வரும் மாஸ்டர்," என்றார் அவர்.

அன்று பின்னேரமே வந்தது. மழைக்குள் கடைவீதிக்கு ஓட்டிப் போனேன். குழாய் வாயைத் திறந்து மழையைக் குடித்தது. சந்தைக்கு முன்னால் எஞ்சின் இருமி நின்றது. லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளிக் கொடுத்தார்கள். பிறகு குழாயின் வாய்க்கு ஒரு பால்மா டின்னைத் தொப்பியாகக் கவிழ்த்தேன். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஆனியும் ஆடியும் போய்விட்டன. அக்காவின் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. சேற்றில் புதைந்தால் இழுத்து எடுக்க ஒரு வின்ச் மட்டும்தான் பாக்கி என்று சொல்லச் சொன்னேன். மனைவி அதை அப்படியே சொன்னாள். வின்ச் என்றால் என்ன என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். "தெரியல, ஏதோ கயிறு," என்று இவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தக் கயிற்றை, அதாவது இரும்புக் கம்பியை, மனைவி வளர்த்த பியர்ஸ் பழமரத்தில் கட்டிச் சோதித்தேன். ஜீப் மரத்தை நோக்கி நகர வேண்டும். ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது, மரம் புறப்பட்டு வந்தது. வேரோடு, மண்ணோடு, அடியில் கட்டியிருந்த கோழிக்கூட்டோடு வந்தது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வின்ச் நல்ல பலமானது என்று மனைவியிடம் சொன்னேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

கடைசியாக, பெரிய டயர் உள்பக்கத் தகரத்தில் உரசுவதால் ஸ்டீயரிங் இடப்பக்கம் முழுதாகத் திரும்பாது என்பதைக் கண்டுபிடித்தேன். வலப்பக்கம் நன்றாகத் திரும்பியது. டயரைக் கழற்றலாமே என்றார் டீமேக்கர். கழற்றினால் உயரம் குறையும். ஆகவே தகரத்தை வெட்டுவது என்று முடிவு செய்து வண்டிக்குக் கீழே படுத்தேன்.

நான் படுத்திருந்தபோது மனைவியின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வெளியே போகும் செருப்பு போட்டிருந்தாள். சோறு அடுப்பில் இருக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்க மறக்க வேண்டாம் என்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "பஸ்ஸு வந்திரும்," என்று மட்டும் சொன்னாள். நான் வெளியே ஊர்ந்து வருவதற்குள் பஸ் போய்விட்டது.

சந்தியில் இறங்கி, கொழுந்து லொறியைக் கை காட்டி மறித்திருக்கிறாள். ஓட்டியவன் என்னிடம் படித்தவன். கையைப் பிடித்து ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்திருக்கிறான். லயத்து வாசலிலேயே இறக்கியும் விட்டிருக்கிறான். யாரும் அதிபர் பெஞ்சாதி என்று சிரிக்கவில்லை. அன்றிரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள். அக்காவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது என்றாள். ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, கன்னத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, குண்டாகிவிட்டாய் என்றாராம்.

சில நாள் கழித்து நான் ஜீப்பில் போனேன். இடப்பக்க வளைவுகள் ஒவ்வொன்றிலும் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், ஒருவழியாகத் திருப்பி எடுத்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த வண்டிகள் ஒரு ஊர்வலம் போல வந்தன. லயத்துக்குள் நுழைந்தபோது யாரும் கானில் இறங்கி நிற்கவில்லை. குடத்தோடு போன ஒரு பெண் பிள்ளை, தண்ணிக் குழாய்மேல் டயர் நிற்கிறது, எடுங்க என்றாள். எடுத்தேன். கூரைமேல் நான் பூட்டியிருந்த கம்பிச் சட்டம் ஒரு வீட்டுக் கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் நான் பிறந்த லயத்து வாசலில் வந்து நின்றபோது, பால்மா டின்னுக்கு இரு பக்கமும் உள்பாவாடைகள் பறந்துகொண்டிருந்தன.

உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது. "லொறி வந்திருச்சு. கொழுந்தக் கொண்டாரச் சொல்லுங்கடி."

"லொறி இல்ல. இவர்தான்," என்றாள் என் மனைவி.

நான் உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். வந்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். ஜன்னலை ஒட்டி நின்றேன். என் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டு, வண்டி சரியாகிவிட்டதா, மாப்பிள்ளை என்று விசாரித்தார். அன்பாகத்தான் கேட்டார். ஏதாவது ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். எத்தனையோ பாகங்கள் எனக்குத் தெரியும்.

"சித்திரையிலேயே ஓடுச்சுங்க," என்றேன்.

மனைவி ஏதோ துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சித்திரையில நான் ஊசி கோத்தேன் மாப்பிள்ள," என்றார் அக்கா.

பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

மிச்சமிருந்த வெளிச்சத்தையாவது காப்பாற்ற, அவரை மாதம் தவறாமல் நுவரெலியா கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவரையும் அந்த ஜீப்பில் ஏற்ற முடியவில்லை. அடுத்த நாள் கொழுந்து லொறியின் பின்பக்கம், சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் வீட்டுக்குப் போனேன். பழைய டயர்களோடு திரும்பினேன். அந்த லயத்து வாசலிலேயே கட்டைகளைக் கழற்றி, குழாயைக் கழற்றி, ஜீப்பை அதன் பழைய உயரத்துக்கு இறக்கினேன். லயத்து ஆட்கள் வந்து ஜாக்கி பிடித்தார்கள். கொடிக்கயிறு அறுந்த வீட்டுக்காரி மட்டும் தள்ளி நின்று பார்த்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். அக்கா முன் சீட்டில் இருப்பார். தங்கை பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அக்கா தொடங்கிவிடுவார்.

"அவ இப்ப எப்புடி இருக்கா, சொல்லுங்க மாப்பிள்ள."

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை, நன்றாக இருக்கிறாள் என்றேன். அது போதாது, மூஞ்சியைச் சொல்லுங்கள் என்றார். நரைத்திருக்கிறாள் என்றேன். அது பழைய கதை என்றார். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கிறது என்றேன்.

"அது பொறந்ததுலருந்து இருக்குங்க," என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

போன மாதம் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பைக் கண்டுபிடித்துச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். அக்கா சின்ன வயதில் கல்லெறிந்து உண்டாக்கிய தழும்பாம். அடுத்த முறைக்குச் சொல்ல, இப்போதெல்லாம் அவள் அடுப்படியில் நிற்கும்போது கதவோரமாக நின்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். என்ன வேணும் என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.