பத்துப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்

ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டினால் ஒரு பச்சை வாசம் வரும். கல்யாணமான புதிதில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். என் வீட்டுக்காரரின் வலது முழங்காலில் தினமும் சாயங்காலம் அதைத்தான் வைத்துக் கட்டுவேன்.

அவர் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது... நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது, வெள்ளைக்காரன் காலம். அவர் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. பந்து விளையாட்டில் அவர் பேக், அதாவது பின்னால் நின்று தடுக்கிற ஆள். வெறுங்காலோடுதான் நிற்பார். பூட்ஸ் போட்டவன்கூட அவரைத் தாண்டிப் போக யோசிப்பான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஈப்போ பக்கத்துத் தோட்டத்துத் துரை அவரைத் தன் டீமுக்குக் கூட்டிக்கொண்டார். இனி மரம் வெட்ட வேண்டாம், ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடு இல்லை, தனியாக இரண்டு அறை வீடு. விளையாடுகிற வரைக்கும்தான் வீடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் டீமை நடத்துகிற பொறுப்பும் அவருக்கே வந்தது. யார் இறங்குவது, யார் உட்காருவது எல்லாம் அவர் சொல்வதுதான். அவரும் விளையாட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சனிக்கிழமை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும், கணக்கெழுதுகிற ஆபீஸ் கிராணி பதினோரு பெயரைச் சத்தமாக வாசிப்பார், அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. அந்தப் பெயர்களைக் கிராணியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குச் சோறு கொண்டுபோகும்போது வீட்டுக்காரர் சொல்வார். விரல் மடக்கி மனசில் போட்டுக்கொண்டு, திரும்புகிற வழியில் கிராணியிடம் ஒப்பிப்பேன்.

பத்துப் பெயர் சொல்லி நிறுத்துவேன். பதினோராவது ஆள் அவர். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்கு ஏது? கிராணி சிரித்துக்கொண்டே தானாக எழுதிக்கொள்வார்.

அப்போதுதான் சிலிம் ரிவரிலிருந்து காளிமுத்து வந்தார். இருபது வயது. அவரும் பேக். என்ன ஓட்டம்! என் வீட்டுக்காரருக்கோ முழங்கால் வீங்கி வீங்கி வற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பத்துப் பெயர் சொன்னார். பிறகு, "காளிமுத்து" என்றார்.

"அப்ப நீங்க?"

"நான் வெளிய நின்னு பாத்துக்கிறேன்."

"ஏங்க, வீட்ட விட்டு எறக்கிடுவாங்களே!"

"அவன் ஓடுறான் புள்ள, நான் நொண்டுறேன். கண்ணால பாத்துக்கிட்டே எப்படி என் பேரச் சொல்றது? போ, வெயில் ஏறுது."

எனக்கு அப்போது ஆறு மாதம். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். போன வாரம்தான் இரண்டு குடும்பம் வேலை போய் ஊருக்குத் திரும்பக் கப்பலேறியிருந்தது. வழியெல்லாம் அந்த இரண்டு அறையைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"என்னம்மா, அதே ஆளுங்கதானா?" என்று கிராணி பேனாவை எடுத்தார்.

பத்துப் பெயர் சொன்னேன். நிறுத்திக்கொண்டேன்.

கிராணி சிரித்தார். எழுதிக்கொண்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை... பேசாமல் நின்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டில் பதினோராவதாக என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வாளியைப் பார்த்தேன்.

டீம் ஆட்கள் விடவில்லை. "என்னாண்ணே, காளிக்கு எடம் விடுறேன்னீங்க? காலு போனாலும் ஆச போவலலா!"

"கடைசியில மனசு மாறிடுச்சுடா" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாடாங் திடலில் ஈயச் சுரங்கத்து டீம்காரன் ஒருவன் அவரை இரண்டு தடவை தாண்டிப் போனான். இரண்டும் கோல். தோற்றுப்போனோம். வேலியோரம் நின்றிருந்த பெண்கள்கூட "கெழவனுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார்கள். அவருக்கு முப்பத்திரண்டு வயது.

வீட்டுக்கு வந்து வலது காலை நீட்டி உட்கார்ந்தார். நானே இலை வாட்டிக் கட்டினேன். "சூடு போதும்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். இல்லை, என்னிடமே சொன்னார். பத்துப் பெயர். பிறகு காளிமுத்து. "சொல்லிடுவியா?" என்றார்.

சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே வீடு போனது. நான் பேசாமல் நின்றதால் கிடைத்தது ஒரே ஒரு வாரம். மகள் லயத்தில்தான் பிறந்தாள். அவர் மறுபடி கத்தி எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனார். டீமை மட்டும் அவரிடமே விட்டிருந்தார்கள். நொண்டிக்கொண்டே கோட்டோரம் நின்று கத்துவார். காளிமுத்து பேர் வாங்கினார்.

துக்கத்துக்குக் காளிமுத்து வந்திருந்தார். பல்லெல்லாம் போய்விட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே எனக்கு எல்லாம் குடுத்தாரு அண்ணி. அந்த ஒரு ஆட்டத்த மட்டும் விட்டுக்குடுக்க மனசு வரல. மனுசன்தானேலா" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆட்டமென்றால் பெயரெல்லாம் அச்சடித்து வருகிறது, யாரும் மாற்ற முடியாது. என் பேத்தி மார்க்கெட்டில் நின்று புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவனும் "வாரேன் வாரேன்" என்று ஓடிவருகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் மரியாதை இருந்தது என்பார்கள். இருந்தது. அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

அன்றைக்கு அவர் சொன்னது காளிமுத்துவின் பெயரைத்தான். விட்டுக்கொடுக்க மனசு வராதவள் நான்.

காளிமுத்துவுக்குப் படிக்க வராது. ஆயர் தாவாரில் மகனோடு இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். காது கொஞ்சம் மந்தம்... சத்தமாகப் படியுங்கள்.